ராத்திரி ரெண்டு மணி

கும்பகோணத்திலிருந்து அப்பா போன்: "கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோடா. ஒருதரம் வந்து பாரேன்."

ஃப்ரீலான்ஸ் ஆசாமிக்கு லீவு ஏது? சென்னையிலிருந்தே ரிமோட்டில் உள்ளே நுழைந்தேன். விண்டோஸில் 'பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்' என்றொரு சமாசாரம் உண்டு. பிராசஸர், மெமரி, டிஸ்க், ஓடுகிற புரோகிராம் என்று சேர்த்துவிட்டால், 15 விநாடிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே இருக்கும். பி.காம். பாஷையில், குறிப்பேடு!

இரண்டு நாள் கழித்துத் திறந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. பகல் முழுக்கச் சும்மா. ராத்திரி 2 மணிக்குத்தான் வேலை ஆரம்பம், 4 வரைக்கும். என்ன புரோகிராம்? போட்டோ பார்ப்பது.

அம்மா போய் எட்டு மாதம். அதில் இருப்பதெல்லாம் அவள் படங்கள்தான்.

"என்னடா, கண்டுபிடிச்சியா?" என்றார் அப்பா.

"நேர்ல வந்துதான்ப்பா பார்க்கணும்."