சும்மா பார்க்க வந்தேன்

எனக்கு வரைய வராது. பள்ளிக்கூடத்தில் மாம்பழம் வரையச் சொன்னால் கருணைக்கிழங்கு வந்து நிற்கும். ஆனால் யாராவது எழுதிக்கொண்டோ செதுக்கிக்கொண்டோ பூக்கட்டிக்கொண்டோ இருந்தால் அந்த இடத்தை விட்டு நகர மனசு வராது. ராஜபாளையத்தில் நூற்பாலைக் கணக்கு எழுதிப் பிழைத்தவனுக்கு இப்படி ஒரு ஆசை இருப்பதை வெளியே சொல்லக் கூச்சம். அதனால் சாக்கு தேடிக்கொண்டு போவேன். போர்டு எழுதும் கடைக்குள் நுழைய வேண்டும் என்றால், இல்லாத கடைக்குப் பெயர்ப்பலகை எழுத எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பேன். போட்டோ ஸ்டூடியோவில் நெகட்டிவுக்குப் பென்சிலால் டச்சிங் செய்கிறவரைப் பார்க்க, தேவையே இல்லாமல் பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொள்வேன். என் முகமே ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டது. ஒருநாள் என் மனைவி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இம்புட்டு எதுக்கு? எங்கயும் வேலைக்கு மனுப் போடுறீகளா?" என்றாள்.

ஃப்ளெக்ஸ் வராத காலம் அது. ஊரில் எந்தக் கடை திறந்தாலும் எழுதும் கடைக்குத்தான் முதலில் வருவார்கள். நான் அடிக்கடி போன கடையில் ஒரு அண்ணாச்சி இருந்தார். தகரத்தின் இரண்டு ஓரத்திலும் நூலைப் பிடித்து, சாக்பொடி தடவிச் சுண்டிவிடுவார், கோடு விழும். இடது கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் துணி உருண்டை. அதைத் தகரத்தில் ஊன்றி, வலது மணிக்கட்டை அதன் மேல் வைத்துக்கொண்டுதான் எழுத்தின் வளைவுகளுக்குள் போவார். 'ஜ' எழுதும்போது மட்டும் மூச்சை நிறுத்திக்கொள்வார். எங்கள் ஊர்ப் பெயரிலேயே அந்த எழுத்து இருப்பதால் அன்றாடம் பல தடவை மூச்சு நிற்கும்.

நான் விலை கேட்டால் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார். டர்பன்டைன் நனைத்த துணியில் கையைத் துடைத்து, அளவு கேட்டு, நோட்டை எடுத்து, ஆக வேண்டிய தொகையைச் சொல்வார். எதைப் பார்க்க வந்தேனோ அதுதான் நான் வந்ததும் நின்றுபோனது. இது எனக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று. ஒருநாள், சாக்கெல்லாம் தீர்ந்துபோய்விட்டதோ என்னவோ, "என்ன எழுதணும் சார்?" என்றவரிடம் வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

"ஒண்ணும் எழுத வேணாம் அண்ணாச்சி. சும்மா பாக்க வந்தேன்."

"அப்ப அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. வெளிச்சத்தை மறைக்காதீங்க."

அவ்வளவுதான். அவர் திரும்பி எழுத ஆரம்பித்தார். டீ வந்தபோது எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது.

வாடிக்கையாளராகப் போனால் மரியாதை கிடைக்கும், வேலையைப் பார்க்க முடியாது. வேடிக்கை பார்க்கப் போனால் மரியாதை கொஞ்சம் குறையும், எல்லாவற்றையும் பார்க்கலாம். இரண்டாவதுதான் உண்மையான வரவேற்பு என்பது என் கட்சி.

இந்தத் துணிச்சல் வந்த பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குக் கிளி கட்டுவதைப் பார்க்கப் போனேன். பக்கத்து ஊர், பஸ் ஏறினால் அரைமணி நேரம். ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டப்படுவது. பரம்பரையாக ஒரு குடும்பத்தார் செய்துவருகிறார்கள். வாசலில் நின்று வந்த காரியத்தைச் சொன்னேன். உள்ளே வரச் சொன்னார்கள். பெருமாள் காரியம் என்பதால் எதையும் தொடக் கூடாது. அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாதுளம்பூதான் அலகு. உடம்புக்கு மரவள்ளி இலை, இறக்கைக்கு நந்தியாவட்டை இலை, வாலுக்கு அரளி மொட்டு, கண்ணுக்குக் காக்காப்பொன். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது வாழைநார். நாரை இறுக்கினால் இலை கிழியும், தளர்த்தினால் கழுத்து சாயும். விரல் நடுவில் எங்கோ நிற்கிறது. ஒரு கிளி முடிய நாலைந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் அது கோயிலுக்குப் போகும். மறுநாள் காலையில் யாரோ ஒரு பக்தருக்குப் பிரசாதமாகக் கிடைக்கும். அந்தப் பட்டறையில் நேற்றைய சரக்கு என்று ஒன்றும் இருக்காது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது காலண்டர் ஓவியர் கொண்டையராஜு நினைவுக்கு வந்தார். 1898-இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். கோவில்பட்டிக்கு வந்த கம்பெனி கலைந்ததும் அவர் அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சீடர்கள்தான் குடும்பம், வீடும் ஸ்டூடியோவும் வேறு வேறு அல்ல. அவர் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி லட்சக்கணக்கான வீடுகளின் சுவரில் தொங்கினார்கள். ஒரு பக்கம் ஒரே ஒரு ராத்திரி இருக்கிற கிளி, இன்னொரு பக்கம் வருஷம் முடிந்த பிறகும் ஆணியிலிருந்து கழற்ற மனசு வராத சாமி படம். இரண்டும் ஒரே கரிசல் வட்டாரத்துச் சரக்கு. கொண்டையராஜு 1976-இல் போய்விட்டார். மில் கணக்கை ஒருநாள் தள்ளிப் போட்டுவிட்டு அவர் பட்டறைக்கு ஒரு தடவை போயிருக்கலாம்.

அதே 1898-இல் பிறந்த எங்கள் ஊர்க்காரர் பூ. ச. குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுவதற்கே யோசிக்கிற காலத்தில் வீட்டையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மனுஷன்.

போர்டு எழுதிய அண்ணாச்சி கடையை மூடிப் பல வருஷமாகிறது. ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளிலும் போய்ப் பார்த்துவிட்டேன். நான் சாக்கு சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அங்கே மெஷின் அதுபாட்டுக்கு ஓடுகிறது. பையன் மானிட்டரைத் திருப்பி வைத்துக் காட்டுகிறான். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை.

போன மாதம் சென்னையிலிருந்து மருமகன் வந்திருந்தார். கிளி கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்றார். போன் நம்பர் இருக்கிறதா, முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா, டிக்கெட் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு யாரும் போனை எடுக்க முடியாது, நேரே போங்கள் என்றேன். கோயில் பக்கம் கேட்டால் வழி சொல்வார்கள். சாயங்காலம் வேண்டாம், கிளி கிளம்பிப் போயிருக்கும். ஆடிப்பூரத் தேர் சமயத்தில் ஊருக்குள் நுழையவே முடியாது, அதுவும் வேண்டாம். வேலை நடந்துகொண்டிருந்தால் ஓரமாக உட்காருங்கள். கேள்வி இருந்தால் கை ஓய்ந்திருக்கும்போது கேளுங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். செருப்பை மாட்டும்போது, "வெறுங்கையோடவா போறது மாமா? பால்கோவா ஏதாவது வாங்கிட்டுப் போகட்டுமா?" என்றார்.

"அவுக ஊர்ப் பால்கோவாவை அவுகளுக்கேவா மாப்ள? வரும்போது நமக்கு வாங்கிட்டு வாங்க."