காலி பாட்டில் கனம்

யானையைச் சாய்க்கத் துப்பாக்கி வேண்டாம் சார், ஒரு குவார்ட்டர் பாட்டில் போதும். அத்தனை பெரிய உடம்புக்கு உள்ளங்கால் மெத்தென்று இருக்கும். கண்ணாடிச் சில்லு ஏறினால் புண்ணாகி, சீழ் பிடித்து, நடக்க முடியாமல் நாலைந்து டன் மிருகம் அப்படியே படுத்துவிடும்.

இதை எங்கள் ஆபீஸ் பையன்களிடம் சொன்னால், "அடடா!" என்று உச்சுக் கொட்டுவார்கள். அடுத்த சனிக்கிழமை மலைக்குக் கிளம்பும்போது ஸ்பீக்கர், சிப்ஸ், பாட்டில் எல்லாம் மறக்காமல் ஏறிவிடும். இறங்கும்போது ஸ்பீக்கர் மட்டும் திரும்பி வரும்!

'வனத்தைக் காப்போம்' என்று எத்தனை போர்டு வைத்தாலும் அசையாத நம் ஜனம் எதற்கு அசைந்தது தெரியுமா? பத்து ரூபாய்க்கு. சென்னை உயர் நீதிமன்றம் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் பணம் வாபஸ். ஊட்டிக்கு வந்து ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற ஆசாமி, பத்து ரூபாயை விட மனசில்லாமல் பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

வெள்ளியங்கிரியிலும் இதே வைத்தியம்தான். தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி இருபது ரூபாய் வாங்கிக்கொள்வார்கள். ஏழு மலை ஏறி இறங்கி, முழங்கால் நடுங்க அந்த மேஜை முன்னால் நானும் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் நின்றவர் ஸ்டிக்கர் கிழிந்த பாட்டிலுக்குப் பணம் கேட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சிவனைத் தரிசித்த சாந்தம் அவர் முகத்தில் துளியும் இல்லை.

சிரிப்பை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. வெயிலில் காய்ந்த புல்லில் தீ பரவியது. மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். பலர் நம்மைப் போல ஆபீஸ் போகிறவர்கள். போன பாதைக்கு முறையான அனுமதி இருந்ததா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுந்தது. அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன.

அதற்காகக் காட்டை ஒரேயடியாகப் பூட்டிவிடவில்லை. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்துவிட்டது. ஆன்லைனில் பதிவு செய்யலாம், கூடவே வழிகாட்டி வருவார். தீப்பிடிக்கும் காலம் என்பதால் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் கிடையாது.

"காட்டுக்குள்ள நடக்கறதுக்கும் காசா?" என்று என் சிநேகிதன் பொருமுகிறான். மால்தியேட்டரில் ஒரு பாப்கார்னுக்கு அவன் பேசாமல் கொடுக்கிற காசு எனக்குத் தெரியும். வழிகாட்டியாக வருகிறவர் அந்த மலையடிவாரத்துப் பிள்ளை. எந்தத் திருப்பத்தில் யானை நிற்கும், எந்தப் பக்கம் காற்று திரும்பினால் ஆபத்து என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் "நில்லுங்க" என்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

காடு எல்லோருக்கும் பொது. நாம் போக வேண்டும், நம் பிள்ளைகளும் போக வேண்டும். ஒருத்தன் போட்ட சிகரெட் துண்டுக்காக எல்லோருக்கும் கேட்டைச் சாத்தினால், யாரைக் குறை சொல்வது?

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஏறும்போது கனக்காத முழு பாட்டில், காலியான பிறகு இறங்கும்போது மட்டும் எப்படிக் கனக்கிறது?