மூக்கில் வைக்க மறந்த எடை



பல நாள்களாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த ஒரு செய்தியை இன்று எழுதுகிறேன். ஒரு சிறிய மாதிரி விமானம் செய்த கதை இது. ஒரு மாணவனைப் பற்றி என் மதிப்பீட்டுக் குறிப்பில் நான் எழுதிய ஒரு வரியை, பிறகு என் கையாலேயே அடித்துத் திருத்திய கதையும் இதுதான்.

சுதந்திர தின அணிவகுப்பு கோலாலம்பூரில் நடைபெறும் ஆண்டுகளில், ஒத்திகைக்குப் பறக்கும் போர் விமானங்களின் இரைச்சல் அம்பாங்கிலும் கேட்கும். அந்தச் சில விநாடிகளில் எந்த ஆசிரியராலும் பாடம் நடத்த இயலாது. வகுப்பே சன்னல் பக்கம் ஓடிவிடும். அப்படி ஓடிய ஒரு நாளில்தான், “ஐயா, அந்த விமானத்த நாம செஞ்சு பாக்கலாமா?” என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். அறிவியல் கணிதக் கழகத்திற்குப் பொறுப்பாசிரியன் என்ற முறையில் நானும் ஒப்புக்கொண்டேன்.

எந்த விமானத்தைச் செய்வது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. என் சிறுவயது குவாந்தான் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கழிந்தது. அக்காலத்தில் எங்கள் தலைக்குமேல் பறந்தவை குவாந்தான் வான்படைத் தளத்தின் ஸ்கைஹாக் விமானங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களுக்காக டக்ளஸ் நிறுவனத்தின் எட் ஹைன்மேன் என்ற பொறியாளர் வடிவமைத்த தாக்குதல் விமானம் அது. கடற்படை அனுமதித்த எடையில் ஏறத்தாழப் பாதியிலேயே அவர் விமானத்தை முடித்துக் காட்டினார். இறக்கையின் அகலம் 8.38 மீட்டர் மட்டுமே. மற்ற கடற்படை விமானங்களைப் போல, கப்பலில் இடம் போதாமல் இறக்கையை மடித்து வைக்கும் தேவையே இதற்கு ஏற்படவில்லை. 1954-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. 1979 வரையில் 2,960 விமானங்கள் கட்டப்பட்டன.

நம் நாடு 1980-களில் பழைய ஸ்கைஹாக் விமானங்கள் 88-ஐ வாங்கி, அவற்றுள் 40-ஐப் புதுப்பித்துப் பயன்படுத்தியது. அவற்றுக்கு ஏ-4பிடிஎம் என்று பெயர். ‘மலேசியாவுக்கே உரியது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அந்தப் ‘பிடிஎம்’. 1990-களின் நடுப்பகுதியில் அவை ஓய்வு பெற்றன. இந்தப் பெயர்க் காரணத்தைச் சொன்னதும் மாணவர்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

1/72 அளவுள்ள, ஜப்பானில் தயாரான ஒரு பெட்டியை வாங்கி வந்தேன். பெட்டியைத் திறக்குமுன் கணக்குப் போட வைத்தேன். ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே, ஆறடி உயர மனிதர் இந்த உலகில் ஓர் அங்குலமே இருப்பார். 838 சென்டிமீட்டர் இறக்கையை 72-ஆல் வகுத்தால் 11.6 சென்டிமீட்டர் வரும். அளவுகோலை வைத்துப் பார்த்தபோது விடை சரியாக இருந்தது. விகிதம் என்ற பாடத்தை நான் அத்தனை எளிதாக என்றுமே நடத்தியதில்லை.

புதன்கிழமைப் பிற்பகல்களில் ஆறு மாணவர்கள் அமர்ந்தார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த இருவருக்குச் செய்முறைத் தாளைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு. கைத்திறன் உள்ள மூவருக்கு வெட்டும் பொறுப்பும் ஒட்டும் பொறுப்பும். ஆறாமவனுக்கு மணல்தாளைக் கொடுத்து, வெட்டிய பாகங்களின் ஓரங்களைத் தேய்க்கச் சொன்னேன்.

அந்த ஆறாமவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் ஆண்டு வந்தும் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க மாட்டான். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும்போது எழுத்துகள் இடம் மாறும். சில எழுத்துகள் காணாமலே போகும். அவ்வாண்டு மதிப்பீட்டுக் குறிப்பில் அவனைப் பற்றி நான் எழுதியிருந்த வரி இதுதான்: ‘பாடத்தில் கவனம் செலுத்துவதில்லை, முயற்சி இல்லை.’ அவனை மணல்தாளுடன் அமர்த்தியதும் அந்த வரியின் தொடர்ச்சியே. வாசிக்கத் தெரியாதவனுக்குத் தேய்க்கும் வேலை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

இரண்டாம் வாரம் உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்ட வேண்டும். இந்தப் பசை, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே சற்று உருக்கி ஒன்றாக்கிவிடும். ஒட்டிய பிறகு பிரிக்க முடியாது. நான் பசையைத் தடவிக்கொண்டிருந்தபோது அவன் செய்முறைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, “ஐயா, மூக்குக்குள்ள ஏதோ கறுப்பா ஒரு உருண்ட போட்டிருக்கு. நம்ம வைக்கலையே?” என்றான்.

“தாளைக் கீழே வை. உனக்குக் கொடுத்த வேலையை முதலில் பார்” என்றேன்.

அவன் தாளை வைத்துவிட்டு மணல்தாளை எடுத்துக்கொண்டான். நான் இரு பாதிகளையும் ஒட்டி, ரப்பர் வளையம் மாட்டிக் காய வைத்தேன்.

அடுத்த வாரங்களில் இறக்கையும் வாலும் சேர்ந்தன. மேலே பச்சையும் பழுப்பும், அடியில் சாம்பலும் பூசினோம். பெட்டியில் இருந்த ஒட்டுச்சின்னங்கள் அமெரிக்கக் கடற்படைக்குரியவை. ஆகவே நம் பதினான்கு முனை நட்சத்திரத்தை மாணவர்களே ஒட்டுத்தாளில் வரைந்தார்கள். வாலுக்கு அடியில் ஒரு கொக்கியையும் பொருத்தினோம். கப்பல் தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியைப் பற்றி விமானத்தை நிறுத்துவதற்கு அது. “நம்ம நாட்டுலதான் அந்த மாதிரி கப்பலே இல்லையே, ஐயா?” என்று ஒருத்தி கேட்டாள். சில நில ஓடுதளங்களிலும் அவசரத்துக்கு அப்படிக் கம்பி கட்டியிருப்பார்கள் என்று விளக்கினேன்.

ஐந்தாம் வாரம் சக்கரங்களைப் பொருத்தினோம். ஸ்கைஹாக்கின் கால்கள் நீளமானவை; வயிற்றுக்கு அடியில் பெரிய குண்டைத் தொங்கவிட வேண்டியிருந்ததால் அப்படி அமைத்தார்கள். பசை காய்ந்ததும் ஆறு பேரும் சுற்றி நிற்க, விமானத்தை மேசைமேல் வைத்துக் கையை எடுத்தேன்.

மூக்கு மெல்ல உயர்ந்தது. விமானம் வால் தரையில் இடிக்க, பின்பக்கமாக உட்கார்ந்துகொண்டது.

எல்லாரும் சிரித்தார்கள். நான் மீண்டும் நிமிர்த்தினேன், மீண்டும் உட்கார்ந்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. செய்முறைத் தாளை எடுத்து, அன்று காட்டிய அதே படத்தின்மேல் விரலை வைத்து, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தான்.

உண்மையான விமானத்தின் முன்பகுதியில் விமானியும் கருவிகளும் இருக்கும். மாதிரியிலோ அது வெறும் கூடு. அதனால் மூக்குக்குள் சிறிது எடை வைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். அந்தக் கறுப்பு உருண்டை அதைத்தான் சொன்னது. வாசிக்கத் தெரிந்த இருவரும் அதைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. வாசிக்க இயலாதவன் படத்தை வாசித்திருந்தான்.

ஐந்து மாணவர்களின் முன்னிலையில், “அன்று நீ சரியாகச் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. மன்னித்துவிடு” என்றேன். அந்தச் சொற்கள் தொண்டையை விட்டு எளிதில் வரவில்லை என்பதை இங்கு ஒப்புக்கொள்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வழியையும் அவனே சொன்னான். முதலில் மூக்கின்மேல் களிமண்ணை ஒட்டி, விமானம் முன்பக்கம் சாயும் வரை கூட்டிக்கொண்டே போனான். பிறகு அதை எடுத்து நிறுத்துப் பார்த்தோம், ஏழு கிராம். அடுத்த புதன்கிழமை, அவன் தந்தையின் மோட்டார் சைக்கிள் பட்டறையிலிருந்து சிறிய பேரிங் குண்டுகளை ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்தான். முன்சக்கரக் குழியில் நான் ஒரு துளையிட்டேன். குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினோம். ஏழு கிராம் போதவில்லை. “முன்னாடி நுனியில வச்சோம், இப்ப உள்ள தள்ளி வைக்கிறோம். அதனாலதான் பத்தல, ஐயா” என்றான். நெம்புகோல் தத்துவத்தை நான் அவனுக்கு நடத்தியதில்லை. மேலும் இரண்டு குண்டுகள் போட்டதும் விமானம் மூன்று சக்கரங்களிலும் நின்றது.

அன்று மாலை மதிப்பீட்டுக் குறிப்பைத் திறந்தேன். ‘கவனம் செலுத்துவதில்லை’ என்ற வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வறையில் உண்மையில் கவனம் செலுத்தியவன் அவன் ஒருவன்தான். அந்த வரியை அடித்துவிட்டு, நான் கண்டதை மட்டும் எழுதினேன்: ‘படங்களை நுணுக்கமாகப் புரிந்துகொள்கிறான், பொருளைக் கையாண்டு காரணம் காண்கிறான், எழுத்தை வாசிப்பதில் கடும் சிரமம்.’

முதல் வரியை அவன் பெற்றோரிடம் காட்டியிருந்தால், வீட்டில் அவனுக்கு அடி விழுந்திருக்கும். இரண்டாவதைக் காட்டியபோது அவன் தாயார், “அப்போ இவன் சோம்பேறி இல்லையா, ஐயா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. சோம்பேறி என்ற எண்ணத்தை அவர்களுக்குத் தந்தவர்களில் நானும் ஒருவன். பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்படி வேண்டினேன். சில மாதங்கள் கழித்து, அவனுக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருப்பது உறுதியானது. நான்கு ஆண்டுகள் தாமதமாக.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இது பற்றிப் படிக்காதவன் அல்லன் நான். அறிகுறிகளைப் பட்டியலிட்டுத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆயினும் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பில், ‘முயற்சி இல்லை’ என்று எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

அவன் இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். ஒரு மாதிரி விமானம் அதை மாற்றிவிடவில்லை. இப்போது அவனுக்கு வினாக்களை வாசித்துக் காட்டுகிறோம். விடைகளை வாய்மொழியாகச் சொல்கிறான். பல சரியாக இருக்கின்றன. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, தொடக்கப்பள்ளி மாணவனைப் பற்றி ஆசிரியர் எழுதும் குறிப்புக்கு முன்னைவிட எடை கூடியிருக்கிறது. அந்த எடையைச் சரியான இடத்தில் வைக்கிறோமா என்று நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த ஸ்கைஹாக் ஆசிரியர் அறையில் என் அலமாரிமேல் நிற்கிறது. முன்சக்கரக் குழியில் துளையிட்ட தழும்பு தெரியும். அதை மூடிச் சாயம் பூசிவிடலாமே என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.