பூசாரும் புலவர்களும்

யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் பூனைக்குட்டி பெரும்பாலும் காசுக்கு வருவதில்லை. அயலில் குட்டி போட்ட பூனை இருக்கும். பால்குடி மறந்ததும் ஒன்றைக் கேட்டு வாங்குவார்கள். சற்று வளர்ந்த குட்டியென்றால் உரப்பைக்குள் விட்டு வாயைக் கட்டிக் கொண்டுவருவார்கள். வழி தெரிந்தால் பழைய வீட்டுக்கே திரும்பிவிடும் என்ற கணக்கு. முதல் நாட்களில் அது கட்டிலுக்கு அடியில் கிடந்து கத்தும். பிறகு ஒரு காலையில் குசினி வாசலில் வந்து குந்தும். அதன்பின் வீட்டில் எல்லோரும் காலைப் பார்த்துத்தான் வைக்கவேண்டும். கொஞ்ச நாளில் அதற்குப் ‘பூசார்’ என்று மரியாதைப் பெயரும் கிடைத்துவிடும்.

மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் ஒழுங்கை முகப்பில் கேட்டதும் பூசார் வாலை நிமிர்த்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவார். சூடைமீனின் தலையைக் கிள்ளி எறிந்தால் உடனே தின்பதில்லை. முன்காலால் ஒரு தட்டு. உடனே ஒரு பின்வாங்கல். முதுகை வளைத்துப் பக்கவாட்டில் ஒரு துள்ளல். செத்த மீன் எழுந்து பாய்ந்துவிடும் என்பதுபோல அத்தனை பாவனையும் முடிந்த பிறகே உறுமிக்கொண்டு கடிப்பார். இது வேட்டைப் பயிற்சிதான். குட்டிகள் மூன்றாம், நான்காம் கிழமையில் ஒன்றோடொன்று கட்டிப் புரளத் தொடங்குகின்றன. ஏழாம், எட்டாம் கிழமையளவில் நூலும் தும்பும் உருளும் விளாங்காயும் அவற்றுக்கு இரையாகிவிடுகின்றன. பூனையென்றால் பால் என்பது ஊர் நினைப்பு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசுப்பால் செமிப்பதில்லை. இனிப்புச் சுவையை அறியும் திறனும் பூனை நாக்குக்கு இல்லை. பொங்கற் பானையை அது சுற்றுவது சர்க்கரைக்காக அல்ல.

நாயைப் பாட வந்த புலவர் நன்றியைச் சொல்லாமல் முடிக்கமாட்டார். பூனை அப்படி யாருக்கும் கடன்பட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, தமிழில் பூனை வரும் இடங்களில் பெரும்பாலும் ஒரு குறும்பு இருக்கிறது. கேலிக்கு ஆளாவதும் அநேகமாகப் பூனையல்ல. சங்கப் பாடல்களிலேயே இது தொடங்கிவிடுகிறது. கபிலர் புறநானூற்றின் 117ஆம் பாட்டில் முல்லை அரும்புகளைக் காட்டுப்பூனைக் குட்டியின் கூரிய பற்களாகக் கண்டார். ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகை 220இல் பூனையைச் சிரிக்கவே வைத்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் அவருக்கு முல்லை மொட்டு. எல்லாவற்றிலும் சுவையானது குறுந்தொகை 107. விடியலில் கூவிக் காதலனோடு இருந்த தூக்கத்தைக் கெடுத்த சேவலை ஒருத்தி சபிக்கிறாள்: நள்ளிரவில் வீட்டெலிக்குக் காத்திருக்கும் பூனைக்குட்டிக்கு நீ இரையாகிப் போ என்று. சேவலுக்குப் பொழுது தெரிந்தது குற்றமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

கம்பர் கேலியைத் தம் பக்கமே திருப்பினார். இராமகாதையைப் பாடத் துணிந்த தம்மை, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புறப்பட்ட பூனையோடு அவையடக்கத்தில் ஒப்பிட்டார். அந்தப் பூனை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை நக்கி முடித்தது வேறு கதை. மாமல்லபுரத்தில் பல்லவச் சிற்பி போலித் துறவிகளைக் கிண்டல் செய்யவும் பூனையையே தவக்கோலத்தில் நிறுத்தினான், காலடியில் எலிகள். ஊர்ப்பேச்சோ வறுமையைச் சொல்லவும் அதையே கூப்பிடுகிறது: அடுப்பில் பூனை உறங்குகிறது என்றால் அந்த வீட்டில் உலை ஏறவில்லை.

பாரதியாரின் ‘முரசு’ பாட்டில் வெள்ளைப் பூனை ஒன்று சாம்பல், கறுப்பு, பாம்பு நிறம், வெள்ளை எனப் பல நிறக் குட்டிகளை ஈனுகிறது. நிறம் எதுவானாலும் மதிப்பு ஒன்றே என்பது கவிஞர் சொல்ல வந்தது. உயிரியலும் அவருக்கு ஒத்துப்போகிறது. உடல் முழுவதும் வெண்மையாக்கும் மரபணு மற்ற நிறங்களை மூடி மறைக்கும் தன்மையது. தாயிடம் அதன் ஒரு படி மட்டும் இருந்தால், அது கிடைக்காத குட்டிகளில் மறைந்திருந்த நிறங்கள் வெளிப்படும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குத் தந்தையர் வேறாகவும் இருக்கலாம். இதைப் பாரதி பாடாமல் விட்டது நல்லதே.

இனி யாழ்ப்பாணத்துக்கே திரும்புவோம். அங்கே குழந்தைப் பாட்டென்றால் நவாலியூர் சோமசுந்தரப் புலவர்தான் முதலில் நினைவுக்கு வருவார். ஆடிப்பிறப்பும் கத்தரித் தோட்டத்து வெருளியும் பாட்டாகலாம் என்று காட்டியவர் அவர். பெரியவர்களுக்கான குறும்பை அளவெட்டியில் பிறந்த மஹாகவி உருத்திரமூர்த்தி கொடுத்தார். லிமரிக் என்ற ஆங்கில ஐந்தடிப் பாட்டை அவர் ‘குறும்பா’ எனத் தமிழாக்கினார். அவருடைய குறும்பா நூல் 1966இல் ஓவியர் சௌவின் சித்திரங்களோடு வெளிவந்தது. லிமரிக்கைப் பரப்பிய எட்வர்ட் லியர், ஆந்தையும் பூனையும் தோணியேறிப் போய்க் கலியாணம் கட்டும் பாட்டை எழுதியவர். ஃபோஸ் என்ற பூனையை வளர்த்தவர். 1874இல் இலங்கைக்கும் வந்துபோனவர்.

குறும்பா பூனைக்கென்றே அளவெடுத்தது போன்ற வடிவம். முதல் இரண்டு அடியில் ஆளையும் ஊரையும் சொல்லலாம்: சுன்னாகத்தில் ஒரு கடுவன், சுட்ட கருவாட்டில் கண். நடுவிலுள்ள இரண்டு சிற்றடிகள் விரைந்து ஓடும்; உறிக்குப் பாய அவ்வளவு இடம் போதும். முதல் இரண்டோடு இயையும் ஐந்தாம் அடியில் சட்டி உடையவேண்டும், பழி வீட்டுக்காரர் தலையில் விழவேண்டும்.