மேகம் மூடின கடற்கரையில் வெறும் காலோடு

1/
டிசம்பர் மாசம், ஞாயிறு காலை ஆறு மணி. பெசன்ட் நகர் கடற்கரை. வானம் முழுக்க மேகம். ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கிட்டு, வடக்கே ஊரூர் குப்பம் பக்கமா தனியா நடந்தேன். வாரத்துல எனக்குன்னு கிடைக்கிறது இந்த ஒரு மணி நேரம்தான்.

2/
குப்பத்துல படகெல்லாம் மணல்லயே கிடந்தது. ஒரு மீனவர் வலையை மடிச்சு வெச்சுட்டு வானத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். எனக்குச் சுகமா இருந்த அதே மேகத்தால அவருக்கு ஒரு நாள் வருமானம் போச்சு. அந்தப் பார்வை எனக்கு நல்லாத் தெரியும். எங்க அப்பாவோட பார்வை.

3/
நான் ஆரணிக்காரன். அப்பா பட்டு நெசவாளர். ஐப்பசி, கார்த்திகை வந்தா எங்க தெருவே சோர்ந்துடும். பாவு நூலை விடியக்காலையில தெருவுல நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வைக்கணும். வெயில் இல்லேன்னா அந்த வேலை நின்னுடும். வீட்டுக்குள்ள தறிக்குழியில ஈரம் கசியும். அந்தக் குழியில காலை வெச்சுத்தான் நாள் பூரா மிதிக்கணும்.

4/
அப்பாவுக்குப் பல வருஷமா சர்க்கரை. "தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்கப்பா"ன்னு, எல்லா நோயாளிக்கும் சொல்ற மாதிரியே போன்ல சொல்லுவேன்.

"கால் நாள் பூரா நடந்துக்கிட்டுதான்டா இருக்கு. எந்த ஊரும்தான் வரலை"ன்னு சிரிப்பார்.

நானும் சிரிச்சுட்டு போனை வெச்சுடுவேன். காலைப் பத்தி ஒரு நாளும் கேட்டதில்லை.

5/
ஒரு மழைக்காலத்துல ஊருக்குப் போனேன். அப்பா பக்கத்துல உட்கார்ந்தா ஒரு வாடை. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில புண். மிதிகட்டை உரசி வந்தது, ஈரத்துல ஊறிப் பெருசாகியிருந்தது.

"வலிக்கவே இல்லையே"ன்னார்.

வலிக்காததுதான் பிரச்சினை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, கால் நரம்புகளை மெல்ல மெல்ல மரத்துப்போக வெச்சுடும்.

6/
உணர்ச்சியைச் சோதிக்க எங்ககிட்ட ஒரு நைலான் இழை உண்டு. பாதத்துல வெச்சு அழுத்தினா 10 கிராம் அழுத்தத்துல வளையும். கண்ணை மூடச் சொல்லிட்டு அங்கங்கே தொட்டேன்.

"ம்... ஆரம்பிப்பா"ன்னார்.

நான் தொட்டு முடிச்சிருந்தேன்.

மங்கின வெளிச்சத்துல, அறுந்த பட்டு இழையை விரலாலயே தேடிப் பிடிச்சுச் சேர்க்கிற மனுஷன் அவர். அந்தக் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

7/
வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால்:
• தினமும் ராத்திரி பாதத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் பார்க்கலாம்.
• விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள்.
• வருஷத்துக்கு ஒரு தடவையாவது கால் உணர்ச்சிப் பரிசோதனை.
• மரத்துப்போன காலோடு செருப்பில்லாமல் மணலில் நடக்க வேண்டாம். சிப்பியோ கண்ணாடியோ குத்தினால் தெரியாது.
• புண் வந்தால், வலிக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

8/
அடையாறு முகத்துவாரம், அந்த உடைஞ்ச பாலம் வரைக்கும் நடந்தேன். ஒரு அலை வந்து காலைத் தொட்டுச்சு. ஜில்லுன்னு இருந்தது. அப்பாவுக்கு இது தெரியாதேன்னு நினைச்சேன்.

பொங்கல் முடிஞ்சு இங்க வர்றார். அவருக்காக எம்.சி.ஆர். செருப்பு வாங்கி வெச்சிருக்கேன். கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.

முதல்ல காலைப் பார்த்துட்டுத்தான்.