சதுரங்கமும் கணிப்பொறியும்

மாந்தர் தம் அறிவினை ஒருவரோடொருவர் உரைத்துப் பார்த்தற்குக் கண்ட விளையாட்டுக்களுள் சதுரங்கம் தலையாயது. அதன்கண் உடல் வலிமைக்கும் நற்பேற்றுக்கும் இடமில்லை. இருவர் மனமே போர்க்களம். முன்னையோர் ஆடிய சிறந்த ஆட்டங்கள், நற்காவியங்களைப் போலவே, நூல்களிற் பதிக்கப்பெற்று இன்றும் பயிலப்படுகின்றன. இந்நாளில் அவற்றை ஆராய்தற்குக் கணிப்பொறி துணையாய் வந்துளது. அத்துணை நம் அறிவை வளர்க்குமோ, தளர்க்குமோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

தமிழ்நாட்டிற்கும் சதுரங்கத்திற்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. 1961-ஆம் ஆண்டில் மானுவேல் ஆரன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆயினார். 1962-இல் ஸ்டாக்ஹோம் நகரத்துப் போட்டியில் அவர் பெற்றது கடைசி இடமே. ஆயினும் போர்ட்டிஷ், ஊல்மன் என்னும் பெருவீரர் இருவரை அப்போட்டியிலேயே வென்றார். மயிலாடுதுறையிற் பிறந்த விசுவநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராகிப் பின்னர் ஐந்து முறை உலக வாகை சூடினார். 2024-ஆம் ஆண்டு டிசம்பரிற் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக வாகை பெற்ற சென்னைக் குகேஷுக்கு அப்பொழுது அகவை 18. எம் போன்ற மாணாக்கர்க்கு இஃது எத்துணை ஊக்கந்தரும் செய்தி!

இனிப் பொறியின் இயல்பைச் சிறிது கூறுவாம். 1997-இல் டீப் புளூ என்னும் பொறி, அந்நாள் உலக வீரராகிய காஸ்பரோவைத் தொடர் ஆட்டத்தில் வென்றது. இன்றோ விலையின்றிக் கிடைக்கும் ஸ்டாக்பிஷ் என்னும் பொறி, கைப்பேசியில் இருந்துகொண்டே எவரையும் விஞ்சி ஆடவல்லது. ஒரு நிலையில் இயலும் நகர்வுகளையும், அவற்றிற்கு மாற்றான் தரக்கூடிய விடைகளையும், அவ்விடைகட்கு விடைகளையும் அது கிளை கிளையாக விரித்து நோக்கும். பயனற்ற கிளைகளைத் தறித்துவிடும். முடிவில், ஏறக்குறைய ஒரு சிப்பாயின் மதிப்பை ஒன்றெனக் கொண்டு, எப்பக்கம் எத்துணை மேம்பட்டதென ஓர் எண்ணால் உரைக்கும். அவ்வளவே அதன் தீர்ப்பு. காரணம் கூறல் அதன் தொழிலன்று.

எமதூர் சாத்தூர். வைப்பாற்றங்கரையில் அமைந்த அவ்வூர், சேவுக்கும் தீப்பெட்டிக்கும் பேனா நிப்புக்கும் பேர் பெற்றது. நிப்புப் பட்டறையிற் பல்லாண்டு உழைத்து ஓய்ந்த எம் பெரியப்பா, மாலைதோறும் தம் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்துச் சிறார்க்குச் சதுரங்கம் கற்பிப்பவர். அச்சிறாருட் பலர் தீப்பெட்டித் தொழிலாளர் மக்கள். ஹிந்து நாளிதழில் ஆரன் எழுதிவந்த சதுரங்கப் பகுதிகளைக் கத்தரித்து ஒட்டிய குறிப்பேடும், ஓரங்களில் தம் கைப்பட எழுதிய பழைய புத்தகம் ஒன்றுமே அவர்தம் செல்வம்.

அப்புத்தகத்தில், 1851-இல் இலண்டனில் ஆண்டர்சன் கீசரிட்ஸ்கியோடு ஆடிய 'அழியா ஆட்டம்' உண்டு. 18-ஆம் நகர்வில் ஆண்டர்சன் தம் யானைகள் இரண்டையும் மாற்றான் கவரும்படி விட்டு, மந்திரியை டி6 கட்டத்தில் வைத்தார்; பின்னர் அரசியையும் ஈந்து, ஒரு மந்திரியும் இரு குதிரைகளும் கொண்டே 23-ஆம் நகர்விற் கறுப்பரசனை வீழ்த்தினார். அந்த 18-ஆம் நகர்வின் எதிரே 'குற்றமற்றது' எனப் பெரியப்பா எழுதியிருந்தார். சென்ற விடுமுறையில், மாணவனொருவன் கைப்பேசியில் அவ்வாட்டத்தைப் பொறியிடம் காட்டினான். அதனினும் வலிய நகர்வுகள் உளவென்றும், கறுப்பர் தக்கவாறு எதிர்த்திருக்கலாம் என்றும் பொறி காட்டிற்று. சிறுவர் நகைத்தனர். இத்தனை ஆண்டு கற்பித்தது வீணோ என்னும் ஐயம் பெரியப்பாவின் முகத்தில் தோன்றியதை யாம் கண்டோம். சிறிது நேரம் வாளாவிருந்தபின், “சரி, ஏன் என்று அது சொல்லுமா?” என்று அவர் வினவினார். ஒருவரும் விடை கூறவில்லை.

இரண்டு மாலைப் பொழுதுகள் அவரும் யாமும் பலகையின் முன் அமர்ந்தோம். மூன்றாம் நாட் காரணம் புலனாயிற்று. கறுப்பர் தம் மந்திரியால் ஒரு யானையைக் கவர்ந்தமையால் வெள்ளையர்க்கு ஒரு நகர்வு ஓய்வாகக் கிட்டியது. அவ்வோய்விற் சிப்பாயை ஈ5 கட்டத்திற்கு நகர்த்தி, கறுப்பரசியின் பார்வை ஜி7 கட்டத்திற்கு எட்டாவண்ணம் மறைத்துவிட்டனர். மந்திரியை விடுத்து அரசியால் மற்றை யானையைக் கவர்ந்து வெள்ளையரசனைத் தாக்கியிருப்பின் அவ்வோய்வு உடனே வாய்த்திராது. இவ்வழியை ஸ்டைனிட்ஸ் என்பார் 1879-லேயே, பொறி எதுவுமின்றித் தம் மதியாலே எடுத்துக்காட்டினார் என்பதும் பின்னர் அறிந்தோம். பெரியப்பா தம் பழைய குறிப்பை அடிக்கவில்லை, அதன்கீழ், 'அழகியது, ஆயினும் விடையுண்டு' என்று எழுதினார். சிறுவர் அன்று அவ்வாட்டத்தை முன்னினும் ஆர்வமாய்க் கேட்டனர்.

பொறி முன்னையோரைப் பழிக்கவே வந்ததென எண்ணற்க. 1907-இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை எதிர்த்த ரூபின்ஸ்டைன், 22-ஆம் நகர்வில் தம் அரசி வெட்டுண்ணும் நிலையிலிருக்கவும் அதனைக் காவாது யானையால் ஒரு குதிரையைக் கவர்ந்து, அடுத்த மூன்று நகர்வுகளில் வெற்றி கண்டார். அம்முடிவைப் பொறியும் மெய்யென ஒப்புகின்றது. 2013-இல் வைக் ஆன் சே நகரில் ஆனந்த் ஆரோனியனை 23 நகர்வுகளில் வென்றபோது, இரு மந்திரிகளும் குதிரையும் வெள்ளையரசன்மேற் பாய்ந்த திறங்கண்டு பலரும் ரூபின்ஸ்டைனின் ஆட்டத்தையே நினைவுகூர்ந்தனர். நூற்றாண்டு கடந்தும் ஒருவர் கண்ட அழகு மற்றொருவர் கையிற் புத்துயிர் பெற்றது.

ஆயின் பொறியை எப்பொழுது நாடுவது? குகேஷின் இளமைப் பயிற்சியில், ஆசிரியராகிய விஷ்ணு பிரசன்னா அவரைப் பொறியின் துணையின்றியே சிந்திக்கப் பழக்கினார் என்பது யாவரும் அறிந்ததே. அங்ஙனம் பயின்றவர் 2019-இல், 13 அகவை நிரம்புமுன்னரே, கிராண்ட்மாஸ்டர் ஆயினார். முதலில் எண்ணைக் கண்டவன் பின்பு எண்ண மாட்டான். விடை தெரிந்தபின் வினாவிற்கு ஆற்றல் ஏது?

தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. குறளைப் படியாது பரிமேலழகர் உரையை மட்டும் மனனஞ் செய்பவன் தேர்விற் கரையேறலாம், குறளின் சுவையறியான். மூலத்தோடு முதலிற் போராடி, ஐயங்கொண்டு, பின்னர் உரையை நாடுபவனுக்கே உரையாசிரியரின் பெருமையும் புலப்படும். பொறியும் ஓர் உரையே. அதுவும் காரணங்கூறா உரை. அக்காரணத்தைத் தேடிக் காண்டல் நம் கடன்.

ஆகவே, மாணவ நண்பர்காள், முன்னையோர் ஆட்டமாயினும் முன்னையோர் நூலாயினும் முதலில் நம் மதிகொண்டு ஆராய்வோம். கண்டதை எழுதி வைப்போம். அதன்பின் பொறியை வினவுவோம். அது பிழை காட்டினால் நாணாது ஏற்று, ஏன் என்று மீண்டும் வினவுவோம். அவ்வினா நம்மிடம் உள்ளவரை, எத்துணை வலிய பொறி வரினும் நமக்கு அஃது ஏவலாளாயிருக்குமேயன்றி ஆண்டையாகாது.