தலவாக்கலை: ஆற்றோரம் ஒரு ஞாயிறு

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டு இல்லை. மலைகளிலிருந்து இறங்கிவரும் பஸ்கள் தலவாக்கலை டவுனில் ஆட்களை இறக்கிக்கொண்டேயிருக்கின்றன.

கடைத்தெருவுக்குக் கீழே கொத்மலை ஓயா அசைவில்லாமல் பரந்து கிடக்கிறது. 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை அணை அதை இங்கேதான் மறிக்கிறது. மறித்த நீர் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் ஓடி மின்சாரமாகிறது. சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பழைய இரைச்சல் இல்லை.

கருவாட்டுக் கடையில் ஓர் அம்மா நெத்தலியை எடுத்து முகர்ந்து பார்க்கிறார். விரல் மடிப்புகளில் கொழுந்துக் கறை கறுத்து இறங்கியிருக்கிறது; எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறை.

"கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க மொதலாளி."

"ஒங்களுக்குப் போடாமலா, எடுங்கம்மா."

முந்தானை முடிச்சு அவிழ்கிறது. நோட்டுகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்த பிறகுதான் நீட்டுகிறார்.

ஸ்டேஷன் பக்கமிருந்து கொழும்பு ரயிலில் வந்தவர்கள் வருகிறார்கள். எல்லாம் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் பிள்ளைகள். காமனும் ரதியுமாக வேஷம் கட்டி ஆடும் காமன் கூத்துக்கு லீவு போட்டு வந்தவர்கள். அதே பாதையில் அடுத்த ஸ்டேஷன் வட்டகொடை. அந்தப் பக்கத்து மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். மறுவருடம் வந்த குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்த மக்கள் லயத்திலும் கொழுந்து மலையிலும் பாடியவற்றை சி.வி. தேடித் தேடித் தொகுத்தார். தொகுக்காமல் விட்டிருந்தால் பாடியவர்களோடு எத்தனை பாட்டு மண்ணுக்குள் போயிருக்கும்!

பாலத்தருகே ஒரு தாத்தா காகிதத்தைக் கொளுத்தித் தப்புக் காய்ச்சுகிறார். தோலை நெருப்புக்கு மேலே மெதுவாகச் சுற்றுகிறார்; விரலால் சுண்டிக் கேட்கிறார்; மறுபடி காட்டுகிறார். தொய்ந்திருந்த ஓசை கொஞ்சங் கொஞ்சமாக இறுகி, கணீரென்று வருகிறது.

தோளில் பையோடு ஒரு பையன் வந்து நிற்கிறான்.

"தாத்தா, இந்த வருசம் நாந்தான் ரதி கட்டுறேன்."

"அடவு மறக்கலியே?"

பையன் பதில் சொல்லவில்லை. பையை இறக்கிவைக்கிறான். தாத்தா குச்சியை எடுத்து மெல்ல அடிக்கிறார். முதல் சுற்றில் கால் பிசகுகிறது. "மறுபடி," என்கிறார். இரண்டாவதிலும் பிசகுகிறது. கடைக்குப் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். கருவாட்டுப் பையோடு வந்த அம்மா, "வலது கால முன்ன வையிடா," என்கிறார்.

காமன் கூத்து இப்படித்தான் காதால் கேட்டு, காலால் பழகி வந்தது. பிழைப்புக்காகப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவதைத் தடுக்க முடியாது. போனவர்கள் மாசியில் திரும்பி வரும்வரை, அடி சொல்லிக்கொடுக்க ஒரு தாத்தாவும் பிழை திருத்த ஓர் அம்மாவும் இருக்கும்வரை, காமன் ஒவ்வொரு வருடமும் எரிந்து எழுவான்.